இடது தொட்டியின் காய்ச்சல்

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் மொத்தம் மூன்று பேர். முதலாளி, நான், பவுடர் சலிக்கிற ஓர் அண்ணன். ஏசி அறை ஒன்றே ஒன்றுதான். அதில் மெஷின் இருந்தது. நாங்கள் மூவரும் வெளியே ஃபேனுக்கு அடியில் இருந்தோம்.

ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து பெருங்களத்தூருக்கு உள்ளே திரும்பினால் வருகிற சின்ன ஷெட் அது. வாசலில் ‘ரேபிட் புரோட்டோடைப்பிங்’ என்று போர்டு. அந்த போர்டைப் பார்த்து உள்ளே வந்தவர்களில் பாதிப் பேர் டைப்பிங் கற்றுக்கொள்ள வந்தவர்கள். லோயர் பரீட்சைக்கு எப்போது அட்மிஷன் என்று கேட்பார்கள். இது அது இல்லை என்று நான் சொன்னால், அப்புறம் ஏன் போர்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். இரண்டாயிரங்களின் நடுவாக்கில் எங்கள் பக்கத்தில் ‘த்ரீ டி பிரிண்டிங்’ என்று சொன்னால் அது இன்னும் புரிந்திருக்காது.

முதலாளியின் குடும்பம் பல்லாவரத்தில் தோல் வியாபாரம். அவர் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கண்காட்சியில் இந்த மெஷினைப் பார்த்திருக்கிறார். பவுடரை ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் பொருளாக வருகிறது என்பது அவருக்குப் பிடித்துப்போயிற்று. தோலில் அப்படி இல்லை. தோலில் போட்டதைவிடக் குறைவாகத்தான் வரும் என்பார். பழைய மெஷின் ஒன்றைக் கண்டுபிடித்து வாங்கி, கன்டெய்னரில் கொண்டுவந்து, சுவரை இடித்து உள்ளே வைத்து, சுவரைக் கட்டினார். அதனால் அந்த மெஷின் எங்கேயும் போக முடியாது. நாங்களும் அப்படித்தான் என்று பவுடர் அண்ணன் சொல்வார்.

நான் பொத்தேரிப் பக்கம் ஒரு காலேஜில் படித்துவிட்டு, இரும்புலியூரில் வீட்டிலேயே சில மாதம் உட்கார்ந்திருந்தவள். எலக்ட்ரானிக்ஸ் படித்த பெண் வேண்டும் என்று அவர் கேட்டதாகவும், பெண்தான் மெஷின் பக்கத்தில் பொறுமையாக உட்காருவாள் என்று காரணம் சொன்னதாகவும் பின்னால் கேள்விப்பட்டேன். என் அம்மா அக்கம்பக்கத்தில் “பவுடர் கம்பெனி” என்று சொல்லிவைத்திருந்தாள். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் தெருவில் நிறுத்தி, வேர்க்குருவுக்கு நல்லதா என்று கேட்டார்.

அந்த மெஷின் என்ன செய்யும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அதற்குப் பின் நடந்தது புரியாது.

முகப் பவுடர் போன்ற நைலான் தூள். இடது பக்கம் ஒரு தொட்டி, வலது பக்கம் ஒரு தொட்டி, நடுவில் பொருள் உருவாகிற இடம். ஓர் உருளை தொட்டியிலிருந்து கொஞ்சம் தூளை இழுத்து நடுவில் மெல்லியதாகப் பரப்பும். மேலிருந்து லேசர் அதில் கோலம் போடுவதுபோல் வரையும். வரைந்த இடம் உருகி ஒட்டிக்கொள்ளும். நடுத்தட்டு ஒரு மயிரிழை கீழே இறங்கும். மறுபடி தூள், மறுபடி லேசர். இப்படியே அடுக்கு அடுக்காக ஒரு பம்ப்பின் சக்கரமோ, காரின் ஏசி குமிழோ உருவாகும். பகல் முழுக்க, சில வேலைகளுக்கு மறுநாளும், அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

எல்லாம் சூட்டில்தான் இருக்கிறது. நடுத்தட்டு உருகுவதற்குச் சற்று முன்னால், நூற்றெழுபது டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். குறைந்தால் பொருள் அப்பளம்போல ஓரத்தில் சுருண்டுகொள்ளும். கூடினால் முழுத் தூளும் ஒரே செங்கல்லாகிவிடும். பக்கத் தொட்டிகள் அவ்வளவு சூடாக வேண்டாம். அவற்றைத் தொண்ணூற்றெட்டில் வைத்திருப்போம். அதற்கு மேல் போனால் தூள் கட்டிதட்டும். உருளை அந்தக் கட்டியை இழுத்துக்கொண்டு போய் செய்த பொருளின் மேல் தேய்க்கும். அவ்வளவுதான், அன்றைய வேலை குப்பைக்கு.

எங்கள் மெஷினில் இடது தொட்டியின் சென்சார் செத்துப்போயிருந்தது. திரையில் அது எப்போதும் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும், சூடேற்றினாலும், ஏற்றாவிட்டாலும். புதிய சென்சார் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வரும் என்று கடிதம் மட்டும் வந்துகொண்டிருந்தது. இதற்குள் மூன்று நான்கு வேலைகள் வீணாகிவிட்டன. முதலாளி ஒவ்வொரு வீணான கட்டியையும் தூக்கிப் பார்த்து, “இதை யாராச்சும் கல்யாணத்துக்கு வாங்குவாங்களா?” என்று கேட்பார். பதில் எதிர்பார்க்க மாட்டார்.

அப்போதுதான் நான் ரிச்சி ஸ்ட்ரீட் போய் எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்கிவந்து, சொந்தமாக ஒன்று கட்டினேன். இரண்டு தொட்டியிலும் சூட்டை அளக்கிற தெர்மோகப்பிள் கம்பி. நடுத்தட்டைத் தொடாமலே பார்க்கிற அகச்சிவப்பு சென்சாரிலிருந்து ஒரு கம்பி. எல்லாம் ஒரு சின்ன சர்க்யூட் போர்டுக்கு வரும். போர்டு ஒரு ஜிஎஸ்எம் மோடத்தில் மாட்டியிருக்கும். மோடத்தில் ஒரு சிம் கார்டு. சூடு எல்லை தாண்டினால் எஸ்எம்எஸ் போகும். எல்லாம் சரியாக இருந்தாலும் தினம் காலையில் ஒன்று போகும், போர்டு உயிரோடு இருக்கிறது என்று தெரிவிக்க. “பெட் எல் டெம்ப் 98 ஓகே.” தூள் நிரம்பிய தொட்டியை இந்தத் தொழிலில் பெட் என்பார்கள். எல் என்றால் இடது. இதைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாது என்று நினைத்தேன்.

செய்தி இரண்டு பேருக்குப் போக வேண்டும், எனக்கும் முதலாளிக்கும். அவர் அப்போதுதான் ஏதோ சலுகைக்காக சிம்மை மாற்றியிருந்தார். புது நம்பரை வாயால் சொன்னார், நான் போர்டில் ஏற்றினேன்.

எனக்கு மெசேஜ் ஒழுங்காக வந்தது. நான் ஓடிப்போய் ஹீட்டரைக் குறைப்பேன். முதலாளி அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சில வாரம் கழித்துக் கேட்டார், “எனக்கு ஒண்ணுகூட வரலையே மா. என்னை எடுத்துட்டியா?”

“இல்ல சார். ரெண்டு பேருக்கும்தான் போகுது.”

“எங்க போகுது?”

இது நியாயமான கேள்விதான். போர்டில் இருந்த நம்பருக்கு என் செல்லிலிருந்து போன் போட்டேன். முதலாளியின் போன் மேஜைமேல் சும்மா கிடந்தது. என் காதில் ரிங் போய்க்கொண்டிருந்தது. இருவரும் அந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பெண் எடுத்தார்.

“அலோ, யாரு?”

“மேடம், பெட் டெம்பரேச்சர்னு உங்களுக்கு மெசேஜ் ஏதாச்சும் வந்துதா?”

“யம்மா, நீதானா! அந்த நம்பருக்கு எத்தினி தபா போன் போட்டுக்கீறேன் தெரியுமா? எடுத்தா கீச்சுனு கத்திட்டு கட்டாயிடுது. இன்னா ஆச்சு அவனுக்கு? இப்ப எவ்ளோ கீது?”

“யாருக்கு?”

“என் தம்பிக்கும்மா! நீ வார்டுலேர்ந்துதானே பேசற?”

நான் போனைக் கையால் மூடிக்கொண்டு முதலாளியைப் பார்த்தேன். அவர் தன் புது நம்பரைத் தன் போனிலேயே தேடிப் பார்த்துவிட்டு, மெல்ல, “எட்டு ஏழா, ஏழு எட்டா…” என்றார்.

விஷயம் இதுதான். அந்த அக்கா குன்றத்தூரில் இருப்பவர். தாம்பரம் பக்கம் ஒரு துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்த சட்டைகளில் குறை பார்க்கிற வேலை. அவர் தம்பி ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். நெஞ்சுக்கூட்டில் நீர் கோத்து, விட்டுவிட்டுக் காய்ச்சலோடு ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். சேர்க்கும்போது அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அக்காவின் நம்பரை வாங்கிக்கொண்டார்களாம். சில நாளில் மெசேஜ் வர ஆரம்பித்தது. பெட், டெம்ப், ஹை. அக்கா பத்தாவது படித்தவர். மூன்றுமே ஆஸ்பத்திரி வார்த்தை. 98 ஓகே, 102 ஹை, 103 ஹை. மனிதர்களுக்கு வருகிற எண்கள்.

“எல்லுன்னு போட்டுக்கீதே, அது லெஃப்ட்டுன்னு நாங்களே புரிஞ்சிக்கினோம்” என்றார். “அவன் வார்டுல லெஃப்ட்டு வரிசைலதான் படுத்துகினு கீறான்.”

“நடுவுல ஒருநாள் நூத்தி எண்பத்தொண்ணுன்னு வந்திருக்குமே?” என்று கேட்டேன். நடுத்தட்டு எல்லை தாண்டிய நாள் எனக்கு ஞாபகம் இருந்தது.

“ஆமா, வந்துச்சே. அது சுகர்.”

முதலாளி போனை வாங்கிக்கொண்டார். பெரியவர்களிடம் பேசுகிற பணிவோடு, “அம்மா, நான் கம்பெனி ஓனர் பேசறேன். நம்பர் தப்பாயிடுச்சு மா, மன்னிச்சுக்கங்க. அது உங்க தம்பி இல்ல. எங்க மெஷினு. பவுடர் தொட்டியோட சூடு” என்றார்.

“பவுடருக்கு இன்னாத்துக்குங்க பெட்டு?”

முதலாளி என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரிதான் ஏதோ மறைக்கிறது, ஆளைப் பேச வைத்திருக்கிறது என்று அந்த அக்கா முடிவு செய்துகொண்டு, நேரில் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். அன்று மாலை அவர் வார்டுக்குப் போய் நர்ஸிடம் கேட்டிருக்கிறார். நாங்கள் அப்படியெல்லாம் மெசேஜ் அனுப்புவதே இல்லை என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். அதுவரை ‘ஹை’ வந்த ஒவ்வொரு மதியமும் அக்கா லஞ்ச் பிரேக்கில் வார்டுக்குப் போன் போட்டு, “எம் தம்பிக்கு நூத்தி மூணு, நீங்க இன்னா பண்ணிகினு கீறீங்கோ” என்று சண்டை பிடித்துவந்தார் என்பதும், ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் போய் அவர் தம்பியின் நெற்றியில் ஈரத்துணி போட்டார் என்பதும் எங்களுக்கு அப்புறம்தான் தெரியும்.

நம்பரைத் திருத்தினேன். முதலாளிக்கு மெசேஜ் வர ஆரம்பித்தது. இரண்டே நாளில் அவர், “இது ரொம்ப வருதே மா” என்றார்.

சில நாள் போயிற்று. மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. அதே அக்கா.

“ஏம்மா, மெசேஜ நிறுத்திட்டியா?”

“அது எங்க மெஷினுதுன்னு சொன்னோமேக்கா.”

“தெரியும், தெரியும். விசாரிச்சிட்டேன். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதில்ல?” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒரே பேஜாரா போச்சும்மா. வூட்டுக்குப் போறேன், வண்டி எடுக்கணும்னு குதிக்கறான். டாக்டரு இன்னும் இருக்கணும்றாரு. இவ்ளோ நாளா அந்த மெசேஜைக் காட்டித்தான் உக்கார வச்சிகினு இருந்தேன். பாருடா, ஆஸ்பத்திரியே அனுப்புது, நூத்தி மூணுடான்னு. இப்ப எங்க மெசேஜுன்றான். நீ பாட்டுக்கு அனுப்பும்மா.”

“அக்கா, அது அவர் காய்ச்சல் இல்ல. தப்பாயிடும்.”

“மாத்திரை டாக்டரு குடுக்கறது. இது பயம் காட்டறதுக்கு.”

முதலாளியிடம் சொன்னேன். அவர் யோசித்தார். தொழுகைக்குப் போய்விட்டு வந்தும் யோசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “நாம பொய் எதுவும் அனுப்பலையே மா” என்றார். “நம்ம தொட்டியோட சூட்டை நாம அனுப்பறோம். அதை யாருக்கு வேணா அனுப்பலாம். யாரோட சூடுன்னு நீ எழுதலை இல்ல?”

“எழுதலை சார்.”

“அப்ப போடு.”

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் போட்டேன். அக்காவிடம் மட்டும், நர்ஸ் சொல்வதுதான் நிஜம், இதை வைத்து ஈரத்துணிகூடப் போடக் கூடாது என்று சொன்னேன். சரி சரி என்றார். சரி சரி என்று எப்படிச் சொல்வார்கள் என்று நமக்குத் தெரியும்.

அதற்கப்புறம் என் வேலை மாறிப்போயிற்று. முன்பெல்லாம் இடது தொட்டி 103 ஹை என்றால் எழுந்துபோய்ப் பார்ப்பேன், சில நேரம் அங்கே ஒன்றுமே இருக்காது, தூள் நன்றாகத்தான் இருக்கும். மெஷின் என்றால் அப்படித்தான் என்று வந்து உட்கார்ந்துவிடுவேன். இப்போது அப்படி உட்கார முடியவில்லை. ஒவ்வொரு ஹைக்கும் கொஞ்ச நேரத்தில் அக்காவின் போன் வரும். “இன்னிக்கி சாப்பாடு வேணாம்னு படுத்துட்டாம்மா, நூத்தி மூணுன்னு பார்த்ததும்.” இன்னொரு நாள், “பக்கத்து பெட்டுக்காரரு எனக்கு மட்டும் ஏன் வரலைனு நர்ஸம்மாகிட்ட கேக்கறாராம்.” நான் வெறும் எண் என்று நினைத்து அனுப்பியது ஒரு மனிதரின் தட்டிலிருந்து சோற்றை எடுத்துக்கொண்டிருந்தது. பொய் அலாரம் என்ற வார்த்தையைக் காலேஜில் படித்திருக்கிறேன். அங்கே அதற்கு ஒரு வரைபடம் இருந்தது.

எனவே இடது தொட்டிக்கு உண்மையில் என்னதான் ஆகிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். ஹை எப்போதும் மதியம் தாண்டித்தான் வந்தது. முதலில் வெயில் என்று நினைத்தேன். ஏசி அறைக்குள் என்ன வெயில். பிறகு கரண்ட் ஏறி இறங்குவதோ என்று பார்த்தேன், அதுவும் இல்லை. கடைசியில் மெஷின் ஓடும்போது கண்ணாடி வழியாகத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது. நான் கம்பியின் முனையைத் தொட்டியின் மேல்பக்கம் செருகியிருந்தேன். காலையில் அது தூளுக்குள் புதைந்திருக்கும். வேலை ஓட ஓட உருளை தூளை இழுத்துக்கொண்டே போகும். மதியத்துக்கு மேல் அந்த மூலையில் தூள் சரிந்து கம்பி முனை வெளியே தலை காட்டும். மேலே ஹீட்டர். அதன் அனல் நேராகக் கம்பியில் அடிக்கும். கம்பிதான் சூடாகும், தூள் சும்மா இருக்கும். சென்சார் பொய் சொல்லவில்லை, தன் சூட்டைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

கம்பியைக் கீழே, தூளின் ஆழத்தில் இறக்கினேன். மேலே ஒரு சின்னத் தகடு மடித்து வெயிலுக்குக் குடைபோல மறைத்தேன். ஒருமுறை எல்லை தாண்டினால் உடனே கத்தாமல், சற்று நேரம் தொடர்ந்து தாண்டி நின்றால் மட்டும் கத்து என்று போர்டுக்கு எழுதினேன். ஹீட்டரையும் போர்டே கூட்டிக் குறைக்கும்படி ஒரு ரிலே சுவிட்ச் வைத்தேன். இனி நான் ஓட வேண்டியதில்லை.

அது என் வாழ்க்கையில் நான் செய்த முதல் நல்ல வேலை. இடது தொட்டி தொண்ணூற்றெட்டில் போய் நின்றது, நின்றபடியே இருந்தது. வேலை எதுவும் கெடவில்லை. முதலாளி ஒரு பம்ப் சக்கரத்தை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பல்லாவரத்திலிருந்து பிரியாணி வரவழைத்தார். தினம் காலையில் ஒரே ஒரு மெசேஜ்தான். 98 ஓகே. மறுநாளும் 98 ஓகே. அக்காவின் போன் நின்றுவிட்டது. நல்லதுதானே என்று நினைத்தேன்.

ஒருநாள் காலை ஷெட் வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும், தோளில் பை. டைப்பிங் விசாரிக்க வந்தவர் என்று நினைத்து, “இங்க டைப்பிங் இல்லைங்க” என்றேன்.

“நீதானே அந்தப் பொண்ணு?” என்றார். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்; கம்பெனி எங்கே என்று முன்பே போனில் விசாரித்து வைத்திருந்தார். “ஏம்மா காய்ச்சலைக் கொறச்ச?”

நான் என் பையைக் கீழே வைத்தேன்.

“தெனமும் தொண்ணூத்தெட்டு ஓகே, தொண்ணூத்தெட்டு ஓகேன்னு அனுப்பிகினு இருந்தா அவன் சும்மா இருப்பானா? நான் நல்லாயிட்டேன், ஆஸ்பத்திரியே ஓகே சொல்லிடுச்சின்னு கெளம்பிட்டான். யார்கிட்டயும் சொல்லல. சட்டைய மாட்டிகினு ஆட்டோ ஏறி வந்துட்டான். வூட்டுல உக்காந்துகினு இருமறான். ரெண்டு நாளாவுது. நான் சொன்னா கேக்க மாட்றான்.”

முதலாளி உள்ளே இருந்து வந்தார். அவருக்கு நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். பவுடர் அண்ணன் சலிப்பதை நிறுத்தினார். மெஷின் மட்டும் ஏசிக்குள் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது.

“இவங்க மெசேஜ மறுபடி நூத்தி மூணுன்னு மாத்திவிட்டா?” என்று பவுடர் அண்ணன் கேட்டார்.

“அது பொய்” என்றார் முதலாளி. அவருக்கு இங்கே ஓர் எல்லை இருந்தது. அக்கா பக்கம் திரும்பி, “அவரை இங்க கூட்டிட்டு வாங்க மா. நான் பேசறேன்” என்றார்.

மறுநாளே அழைத்துவந்தார். முப்பது முப்பத்தைந்து வயது ஆள். இஸ்திரி போட்ட சட்டை, உள்ளே ஆள் குறைந்திருந்ததால் சட்டை தனியாக நின்றது. நிதானமாக நடந்து வந்து, எங்களைப் பார்த்து, “இன்னா சார், நீங்கதான் ஆஸ்பத்திரியா?” என்று கேட்டார்.

முதலாளி அவரை ஏசி அறைக்குள் கூட்டிப்போய், கண்ணாடி வழியாக இடது தொட்டியைக் காட்டினார். வெள்ளைத் தூள் சமமாக, அசையாமல் கிடந்தது. “இதுதாம்பா உன் பெட்டு” என்றார். நான் என் போனில் அன்று காலை வந்த மெசேஜைக் காட்டினேன். அவர் தன் அக்காவின் போனை வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே வாசகம். பிறகு தொட்டியைப் பார்த்தார். உருளை வந்து ஒரு கைப்பிடித் தூளை எடுத்துக்கொண்டு போயிற்று.

“அப்போ அந்த நூத்தி மூணு?”

“இதோடதுதான்.”

“சுகரு?”

“நடுவுல இருக்கே, அதோடது.”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். கோபப்படுவார் என்று அக்கா நினைத்தார், தள்ளியே நின்றார். அவர் இரண்டும் செய்யவில்லை.

“அங்க நூறு பேர் படுத்துகினு கீறோம்” என்றார், கண்ணாடியைப் பார்த்தபடியே. “டாக்டரு வர்றப்ப வருவாரு. நர்ஸம்மா பாவம், ஓடிகினே இருக்கும். நான் இன்னா நெனச்சிகினு இருந்தேன்னா, யாரும் பார்க்காட்டியும் எனக்குன்னு ஒண்ணு எங்கியோ இருந்து பார்த்துகினு கீதுன்னு. கட்டிலுக்கு அடியில குனிஞ்சுகூடப் பார்த்தேன், ஒயரு எங்க போவுதுன்னு.” கண்ணாடியில் விரலை வைத்தார். “இந்தத் தூளைத்தான் பார்த்துகினு இருந்துச்சா.”

நான் இரண்டு வருடம் சென்சார் பற்றிப் படித்தவள். யாராவது ஒருவர் அதன் கீழே படுத்திருந்து, தன்னைப் பார்க்கிறது என்று நிம்மதியாகத் தூங்குவார் என்று அதில் எங்கும் இல்லை.

அப்போது அவருக்கு இருமல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். நிற்க நேரமாயிற்று. ஷெட்டில் சட்டப்படி ஒரு முதலுதவிப் பெட்டி மாட்டியிருந்தோம், அதை யாரும் திறந்ததில்லை. அதற்குள் ஒரு பாதரச தெர்மாமீட்டர் உறை பிரிக்காமல் இருந்தது. அதைக் கழுவி அவரிடம் கொடுத்தேன். சந்தேகமாகப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் நான்கு பேரும் சுற்றி நின்று பார்த்தோம். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். வாயில் கண்ணாடிக் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை.

எடுத்துப் பார்த்தேன். நூற்றொன்றுக்கு மேலே, இரண்டுக்குக் கொஞ்சம் கீழே.

“எவ்ளோ?”

சொன்னேன்.

“இது யாரோடது?”

“உங்களோடதுதாண்ணா. உங்க வாயிலேர்ந்து எடுத்தது.”

தெர்மாமீட்டரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதரசக் கோடு தெரிய எல்லாருக்கும் கொஞ்சம் நேரமாகும், அவருக்கும் ஆயிற்று. தெரிந்ததும், “சரி, போலாம்” என்று எழுந்துகொண்டார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் துடைத்தார்.

முதலாளியின் ஆம்னி வேனில் போனோம். அதில் தோல் வாடை அடிக்கும். ஜிஎஸ்டி ரோட்டில் வழக்கம்போல நெரிசல். தம்பி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, எந்த இடத்தில் லேன் மாற வேண்டும் என்று முதலாளிக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். முதலாளி கேட்டுக்கொண்டே வந்தார். வார்டில் நர்ஸ் அவரைத் திட்டுவார் என்று பயந்தோம். அவர் திட்டவில்லை. “வந்துட்டீங்களா, நல்லது” என்று சொல்லி, கட்டிலில் விரிப்பை மாற்றினார். என்னையும் முதலாளியையும் பார்த்து யார் என்று கேட்டார். “சொந்தக்காரங்க” என்றார் முதலாளி. நர்ஸ் அவருடைய தாடியையும் தொப்பியையும் பார்த்தார், நோயாளியின் நெற்றி விபூதியையும் பார்த்தார். இந்தமுறை எந்த நம்பரைக் குறித்துக்கொள்வது என்று மட்டும் கேட்டார்.

“எம் நம்பர் வேணாம்” என்றார் அக்கா. “போன்ல டிங்குன்னாலே கையில கீற சட்டையப் போட்டுட்டு ஓடறேன். இந்தப் பொண்ணு நம்பரைப் போட்டுக்கோங்க. இதுக்கு மெசேஜ் வந்து வந்து பழக்கம்.”

நான் என் நம்பரைச் சொன்னேன். ஒவ்வோர் எண்ணாகச் சொல்லி, அவரை ஒருமுறை திருப்பி வாசிக்கச் சொன்னேன்.

அதனால் அடுத்த பல மாதங்கள் எனக்கு இரண்டு இடத்திலிருந்து செய்தி வந்தது. மெஷினிலிருந்து காலையில் எஸ்எம்எஸ். ஆஸ்பத்திரியிலிருந்து எப்போதாவது போன். அது மனிதக் குரல். “உங்க பேஷன்ட்டுக்கு இன்னிக்கி தண்ணி எடுத்தோம், நல்லாருக்காரு.” “திங்கக்கிழமை அனுப்பறோம், யாராச்சும் வாங்க.” வீட்டுக்குப் போனபிறகும் மாதாமாதம் மாத்திரை வாங்க வர வேண்டும். வராவிட்டால் எனக்குப் போன் வரும். நான் அக்காவுக்குப் போன் போடுவேன், அக்கா அவரைத் துரத்துவார். அவர் போய் வாங்கிவிட்டு, போகிற வழியில் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அந்த ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை.

இதற்கு நடுவில் வெளிநாட்டிலிருந்து அந்தப் புதிய சென்சார் வந்து சேர்ந்தது. அதை மாட்டினோம். அது காட்டிய எண்ணும் என் கம்பி காட்டிய எண்ணும் ஒன்றாகவே இருந்தன. முதலாளி இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஒருநாள் வெள்ளிக்கிழமை, மெஷினிலிருந்து ஒரு பெரிய வேலையைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தோம். கை முழுக்கப் பவுடர். போன் அடித்தது, முழங்கையால் அழுத்தி எடுத்தேன். அந்த நர்ஸ்தான்.

“உங்க பேஷன்ட்டுக்கு கோர்ஸ் முடிஞ்சுதுமா. எக்ஸ்ரே க்ளியரா இருக்கு. இனிமே வர வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்க நம்பரை அடிச்சிடட்டுமா?”

“அடிச்சிடுங்க சிஸ்டர்” என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் பஸ் சத்தமும் கண்டக்டர் குரலும் கேட்டன. எக்ஸ்ரே விஷயத்தைச் சொன்னேன்.

“தெரியும்மா, காலைலயே சொல்லிட்டான். வண்டி எடுத்துகினு போய்ட்டான்” என்றார். “இரு, எம் பஸ்ஸு வந்துடுச்சு, அப்றமா பேசறேன்.”

போன் கட்டாகியது. நான் உள்ளே போனேன். பவுடர் அண்ணன் தொட்டியைக் காலி செய்து, அடுத்த வேலைக்குத் தூள் சலித்துக்கொண்டிருந்தார்.